பத்துப் பத்தாகப் பிரித்த பாடல்கள்

நீண்ட பட்டியலைப் பக்கத்துக்குப் பத்து எனப் பிரித்துக் காட்டுவது இணையத்தில் சாதாரணம். ஆனால் இது கணினியோடு வந்த யோசனை அல்ல. 1330 குறள்களும் பத்துப் பத்தாக 133 அதிகாரங்களில்தான் இருக்கின்றன.

7ஆம் நூற்றாண்டின் திருஞானசம்பந்தர் பதிகங்களில் இன்னொரு வசதியும் உண்டு. அவருடைய திருவண்ணாமலைப் பதிகத்தையே (முதல் திருமுறை, 10) பாருங்கள். 8ஆம் பாட்டில் இராவணன். 9இல் அடிமுடி தேடிய திருமாலும் பிரமனும். 10இல் சமணரும் பௌத்தரும். 11இல் பாடியவர் பெயரும் பாடுவோர் பெறும் பலனும். அவருடைய பெரும்பாலான பதிகங்களுக்கு இதே வரிசைதான்.

தேவார ஏடுகளைச் சிதம்பரத்தில் கறையான் அரித்தது என்பது மரபு. ஏடு அழிந்தால் ஏட்டெண்ணும் போய்விடும். ஆனாலும் இராவணன் பாட்டுக்கு முன் ஆறே பாட்டு இருந்தால், ஒன்று தொலைந்தது என்று உடனே தெரிந்துவிடும். சில பதிகங்களில் 7ஆம் பாட்டு கிடைக்கவில்லை என்று பதிப்புகளில் குறிப்பு இருக்கிறது.

பக்க எண்ணை மட்டும் நம்பும் இணையப் பட்டியலில் இது நடக்காது. ஒருவர் முதல் பக்கத்தைப் படிக்கும்போதே அதில் ஒன்று நீக்கப்பட்டால், 11ஆவது மேலே ஏறிவிடும். இரண்டாம் பக்கம் 12ஆவதிலிருந்து தொடங்கும். ஒன்று விடுபட்டதே வாசகருக்குத் தெரியாது. அதனால்தான் கடைசியாகக் காட்டியது எது என்று குறித்துவைத்து, அதற்கு அடுத்ததைக் கேட்கும் முறை வந்தது. பதிகத்தில் இராவணன் செய்யும் வேலையும் அதுதான்!