பானைக்குள்ளிருந்து வந்த பேஸ்

நம் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. எண்பதுகளில் முத்தாண்டிக்குப்பம் பக்கம் டீக்கடை, சலூன் எங்கே போனாலும் மண்பானை வாயில் ஒரு ஸ்பீக்கர் உட்கார்ந்திருக்கும்.

காரணம் இதுதான். கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. இரண்டும் கலந்தால் கனத்த ஒலி அடிபட்டுப் போகும். பானை பின்பக்கத்தை அடைத்துவிடும்.

அமெரிக்காவில் எட்கர் வில்சூர் 1954-ல் காற்றுப்புகாத சிறு பெட்டியிலேயே ஆழ்ந்த பேஸைக் கொண்டுவந்தார். அதுவரை அதற்கு பீரோ அளவு பெட்டி வேண்டும். 1961-ல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல், பிறகு ரிச்சர்ட் ஸ்மால், எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு பெரிய பெட்டி என்று கணக்கே போட்டுக் கொடுத்தார்கள். இன்றைய சப்வூஃபர்கள் அந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. நமக்கோ, சந்தையில் கிடைத்த பானைதான் கணக்கு!

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் செய்தேன். 6 இன்ச் ஸ்பீக்கர். காற்று கசியாமலிருக்க விளிம்பில் பழைய சைக்கிள் ட்யூப். முதலில் பித்தளைக் குடத்தில் வைத்தேன். குடம் தானே கணீரென்று பாட ஆரம்பித்துவிட்டது. மண்பானை அடக்கமாக இருந்தது. கூம்பில் நாலு அரிசியைப் போட்டேன், குதித்தது.

இளையராஜா பாட்டில் பேஸ் கிடார் தனிவழியில் நடப்பதை அன்றுதான் கேட்டேன். சினிமாப் பாட்டே பிடிக்காத அப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்தார்.

"இன்னொரு வாட்டி போடுடா."