ஆழ்கடல் ஊர்தி சோதனை இடம்

ஆழ்கடல் ஊர்தி சோதனை இடம் என்பது புதிதாகக் கட்டப்பட்ட ஆழ்கடல் ஊர்தியொன்றை ஆழ்நீரில் இறக்கிச் சோதிப்பதற்குத் தெரிவு செய்யப்படும் கடற்பகுதி ஆகும். சுவிட்சர்லாந்து இயற்பியலாளர் அகுஸ்ட் பிக்கார்ட் உருவாக்கிய இரு ஊர்திகளின் வரலாறு இத்தெரிவின் முக்கியத்துவத்தைக் காட்டுகிறது.

தேவைகள்

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் நீரழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. எனவே முழுக்குகள் படிப்படியாக ஆழப்படுத்தப்படுகின்றன. கரைக்கு அருகிலேயே ஆழம், குறைந்த அலைவீச்சு, பழுதுபார்க்க அண்மையில் ஒரு துறைமுகம் ஆகிய மூன்றும் தேவை.

பிக்கார்டின் ஊர்திகளில் பயணிகள் தடித்த எஃகுக் கோளத்தினுள் அமர்வர். அதன் மேலுள்ள மிதவையில், நீரை விட அடர்த்தி குறைந்த பெட்ரோல் நிரப்பப்படும். அடிப்பகுதி வழியாகக் கடல்நீர் மிதவைக்குள் புகுவதால் உள்ளும் புறமும் அழுத்தம் சமமாகும். ஆகவே மிதவையை மெல்லிய தகட்டால் செய்ய முடிந்தது. ஆனால் மெல்லிய தகடு அலைகளின் மோதலை எளிதில் தாங்காது.

கேப் வர்டி, 1948

எப்.என்.ஆர்.எஸ்-2 என்னும் முதல் ஊர்தி, அத்திலாந்திக்குப் பெருங்கடலில் கேப் வர்டி தீவுகளுக்கு அருகே சோதிக்கப்பட்டது. ஆளில்லா முழுக்கு ஒன்றில் அது 1,380 மீட்டர் ஆழம் சென்று திரும்பியது. கோளத்துக்குச் சேதம் இல்லை. ஆனால் மேற்பரப்பில் அலைகள் மோதியதில் மிதவை சேதமடைந்தது. அத்துடன் சோதனைகள் நிறுத்தப்பட்டன. அதே கோளம் பின்னர் எப்.என்.ஆர்.எஸ்-3 ஊர்தியில் பயன்படுத்தப்பட்டது. 1954 இல் இவ்வூர்தி செனகலின் டக்கார் நகருக்கு அப்பாலுள்ள கடலில் 4,050 மீட்டர் ஆழத்தை எட்டியது.

திரேனியக் கடல், 1953

இரண்டாவது ஊர்தியான திரியெஸ்த், கடலில் இழுத்துச் செல்லத்தக்க வலுவான மிதவையுடன் கட்டப்பட்டது. இத்தாலியின் நேப்பிள்சு நகருக்கு அருகிலுள்ள கஸ்தெல்லமாரே துறைமுகம் அதன் தளமாயிற்று. முதல் முழுக்குகள் துறைமுகத்தை ஒட்டிச் சில மீட்டர் ஆழத்திலேயே நடைபெற்றன. அடுத்து காப்ரி தீவுக்கு அருகே ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழம் எட்டப்பட்டது. 1953 செப்டம்பர் 30 அன்று பொன்சா தீவுக்குத் தெற்கே பிக்கார்டும் அவர் மகன் ஜாக் பிக்கார்டும் 3,150 மீட்டர் ஆழம் சென்றனர். மூன்று நிலைகளுக்குமுரிய ஆழங்கள் ஒரே கடற்பகுதியில் கிடைத்தமை இவ்விடத்தின் சிறப்பாகும்.

பிற்காலம்

1958 இல் ஐக்கிய அமெரிக்கக் கடற்படை திரியெஸ்தை வாங்கியது. அடுத்த ஆண்டு, மரியானா அகழிக்கு அண்மையில் கடற்படைத் தளம் அமைந்திருந்த குவாம் தீவுக்கு அது கொண்டு செல்லப்பட்டது. அங்கும் முழுக்குகள் படிப்படியாகவே ஆழப்படுத்தப்பட்டன. 1960 சனவரி 23 அன்று ஜாக் பிக்கார்டும் டொன் வால்சும் அவ்வகழியின் சேலஞ்சர் மடுவில் ஏறத்தாழ 10,900 மீட்டர் ஆழத்தை அடைந்தனர்.