சேர்விடாப்பில் நின்றுபோன பெயர்கள்

நான் படித்த தோட்டப் பள்ளிக்கூடம் அப்புத்தளையிலிருந்து தம்பேத்தன்னைக்குப் போகும் பாதையில், கொழுந்து மடுவத்தை ஒட்டி இருந்தது. தகரக் கூரை, சாணி மெழுகிய தரை, ஒரே மண்டபம், ஒரே வாத்தியார். ஐந்து வகுப்பும் அதற்குள்தான். மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லும். எதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து இரண்டாம் வகுப்பு சொல்வதெழுதும். தொங்கவிட்ட தண்டவாளத் துண்டுதான் மணி. மூடுபனி உள்ளே புகுந்தால் கரும்பலகை தெரியாது. அன்றைக்கு வாத்தியார் கதை சொல்வார்.

ஆறாம் வகுப்பு அங்கே இல்லை. ஏன் இல்லை என்பது நான் ஆசிரியையான பிறகுதான் விளங்கியது. ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்பிக்க ஏற்பாடு செய்யவேண்டும், அதற்கொரு இடம் ஒதுக்கவேண்டும் என்று தோட்டத் துரைமாருக்கு விதித்தது 1907ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் கடமை பத்து வயதோடு முடிந்தது. லிப்டன் தம்பேத்தன்னைத் தொழிற்சாலையைக் கட்டியது 1890இல். ரயில் அப்புத்தளைக்கு வந்தது 1893இல். தேயிலைக்கு வழி பிறந்து 14 வருடம் கழித்தே பிள்ளைகளுக்கு அந்தச் சட்டமாவது வந்தது.

1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி கிடைத்தது. தோட்டப் பள்ளிக்கூடம் அதற்கு வெளியே நின்றது. 1948இல் எங்கள் குடியுரிமையும் பறிபோனது. 1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் எங்களை எடுக்கவில்லை. தோட்டங்கள் அரசுடைமையான பிறகு, 1977 முதல்தான் படிப்படியாக எடுத்தார்கள். 1945க்கும் அதற்கும் இடையில் 32 வருடம். அது வெறும் தாமதமல்ல, அநியாயம்.

என் அக்கா அந்த 32 வருடத்துக்குள் பிறந்தவள். ஐந்தாம் வகுப்பில் அவள்தான் முதலாம் பிள்ளை. தம்பி பிறந்ததும் அவனைத் தூக்கி வைத்திருக்க வீட்டில் நின்றாள். பிறகு பேர் பதிந்து கொழுந்துக்குப் போனாள். என் முறை வந்தபோது வாத்தியார் லயத்துக்கே வந்து, "இவளையாவது டவுன் பள்ளிக்கூடத்துக்கு விடுங்க" என்று அப்பாவிடம் நின்றார். அப்பா பேசவில்லை. "அவ போகட்டும்பா, நான் எடுக்கிறேன்தானே" என்று சொன்னது அக்கா. என் முதல் சப்பாத்து அவள் கைக்காசு.

எண்பதுகளில் நியமனம் பெற்று அதே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பழைய சேர்விடாப்பு அலுமாரியில் இருந்தது. அக்காவின் பெயருக்கு நேரே, விலகிய காரணம் என்ற இடத்தில் 'வேலை' என்று எழுதியிருந்தது. அதற்கு மேலும் கீழும், அடுத்த பக்கத்திலும் அதே சொல். பிறப்புச் சான்றிதழ் இல்லாத எத்தனையோ பேர், தாங்கள் இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் என்று காட்ட அந்தப் புத்தகத்தைத் தேடி வந்தார்கள்.

பிறகு ஸ்வீடன் நாட்டு உதவியில் மலையகத்தில் பல கட்டடங்கள் எழும்பின. இன்று தோட்டத்துப் பிள்ளைகள் உயர்தரம் எழுதி, பல்கலைக்கழகமும் போகிறார்கள். கட்டடம் மாறும்போது பழைய கடதாசிகளைக் குப்பையோடு எரித்துவிடுகிறார்கள். உங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தின் சேர்விடாப்பு எங்காவது கிடந்தால், கரையான் தின்பதற்குள் அதை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் பாட்டியின் பெயர் அதில் இருக்கும்.