ஒன்றைப் பற்றியவர்கள்

தமிழில் 'பற்று' என்னும் சொல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. கையால் பிடித்துக்கொள்வதும் பற்று. மனத்தால் விரும்பி நிற்பதும் பற்று. கொழுகொம்பைத் தழுவி ஏறும் கொடியும் பற்றுகிறது, நூலகத்தில் ஒரே துறை நூல்களைத் தேடித்தேடிப் படிப்பவனும் பற்றுடையவன் எனப்படுகிறான். பற்றை விடச் சொல்லும் வள்ளுவரின் துறவு அதிகாரம்கூட, அதை விடுவதற்கு இன்னொன்றைப் பற்றிக்கொள்ளும்படிதான் சொல்லி முடிகிறது. பிடியே இல்லாமல் மனித மனம் நிற்பதில்லை என்பதை நம் மொழி நெடுங்காலமாக அறிந்திருக்கிறது.

இச்சொல்லை முன்வைத்து ஒரு மருத்துவ வரலாற்றைப் பார்க்கலாம். ஆஸ்பெர்கர் நிலை உடையவர்கள் என்று அண்மைக்காலம் வரை அழைக்கப்பட்டவர்களிடம் காணப்படும் தனி ஈடுபாடுகளின் வரலாறு அது. ஒரு சிறுவனுக்கு ரயில் கால அட்டவணை, மற்றொருவனுக்கு நத்தைகள், இன்னொருத்திக்கு ஒரே நாவலாசிரியரின் எல்லா நூல்களும். பொழுதுபோக்கு என்று சொல்லிவிட முடியாத ஆழத்துடன், ஆண்டுக்கணக்கில், அந்த ஒன்றையே சுற்றி அவர்கள் வாழ்வு நடக்கிறது. எங்கள் நெமிலிக்கு அருகிலுள்ள அரக்கோணம் சந்திப்பின் வழியாக 1856 முதல் ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை, இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை, இவ்வழியேதான் சென்றது. நடைமேடையின் ஓரத்தில் நின்று, வரும் வண்டியின் எண்ணையும் புறப்பட்ட ஊரையும் நிற்கும் நிலையங்களையும் ஒப்பிக்கும் ஒரு பிள்ளையை இப்பகுதியில் எவரும் ஒருமுறையேனும் கண்டிருக்கக்கூடும். கூட வந்த தாய் "போதும், வாடா" என்று கையைப் பிடித்து இழுப்பதையும் கண்டிருக்கலாம்.

தமிழ்நாட்டு அரசின் ஆவணங்களில் ஆட்டிசத்துக்குப் 'புறவுலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்' என்ற தொடர் வழங்குகிறது. இந்தத் தொடரை அந்தப் பிள்ளையின் அருகில் வைத்துப் பாருங்கள். ரயிலைவிடப் புறவுலகம் வேறென்ன இருக்கிறது? அவன் சிந்தனை முழுவதும் புறவுலகின் ஒரு பொருள்மேல்தான் இருக்கிறது. நாம் எதிர்பார்க்கும் பொருளின்மேல் இல்லை, அவ்வளவுதான். இத்தொடரின் பின்னே நூறாண்டுக்கு மேற்பட்ட கதை இருக்கிறது.

1911இல் ஸ்விட்சர்லாந்து மனநல மருத்துவர் ஓய்கன் புளூலர் மனச்சிதைவு நோய் குறித்த தம் நூலில், நோயாளிகள் தமக்குள்ளேயே ஒடுங்கிவிடும் நிலையைக் குறிக்க 'ஆட்டிசம்' என்ற சொல்லை எடுத்தாண்டார். 'தான்' என்று பொருள்படும் கிரேக்க வேர் அது. உள்ளொடுங்குதல் என்ற பொருள் அன்றே அச்சொல்லில் ஒட்டிக்கொண்டது. பின்னர் அது குழந்தைகளுக்குப் பெயர்ந்தபோது இந்தப் பொருளும் கூடவே பெயர்ந்தது. அரசு ஆவணத்தின் தமிழ்த்தொடர் அதன் நேர் வாரிசு.

ஆனால் குழந்தைகளை நேரில் கவனித்த மருத்துவர்கள் கண்டது வேறு. மாஸ்கோவில் குரூன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் ஆறு சிறுவர்களைப் பற்றி எழுதிய கட்டுரை 1926இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. ஆங்கிலத்துக்கு அது வர 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944இல் வெளியிட்ட ஆய்வு நான்கு சிறுவர்களை விரிவாக விவரித்தது. அவரிடம் வந்த பிள்ளைகளில் ஒருவன் வேதியியல் சோதனைகளுக்காகக் கையிலிருந்த காசையெல்லாம் செலவழித்தான், மற்றொருவனை நஞ்சுகள் ஈர்த்தன, இன்னொருவனை எண்கள். சிறுவயதில் வடிவியலில் மூழ்கிக் கிடந்து, பிற்காலத்தில் வானியல் அறிஞரான ஒருவரையும் அவர் குறிப்பிட்டார். ஒரு குறுகிய துறையின்மேல் படியும் இந்த ஆர்வமே உயர்ந்த தொழில்முறைச் சாதனைக்கு வழியாகலாம் என்பது அவர் வாதம்.

இந்த வாதத்துக்காகவே அவர் நெடுங்காலம் போற்றப்பட்டார். நாஜி ஆட்சியில், மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் உயிருக்கு அஞ்ச வேண்டியிருந்த ஊரில், இவர்களாலும் பயனுண்டு என்று வாதிட்டு அவர்களைக் காத்தவர் என்று சொல்லப்பட்டது. 2018இல் வரலாற்றாய்வாளர் ஹெர்விக் செக் வியன்னா ஆவணங்களிலிருந்து வேறொரு பக்கத்தை வெளிக்கொணர்ந்தார். 'அம் ஸ்பீகல்குருண்ட்' என்ற நிலையத்துக்கு ஆஸ்பெர்கர் அனுப்பிய இரண்டு பெண் குழந்தைகள் அங்கே இறந்திருந்தனர். 1940 முதல் 1945 வரை ஏறத்தாழ 800 குழந்தைகள் இறந்த இடம் அது. அதே ஆண்டில் எடித் ஷெஃபரின் நூலும் இதே கேள்வியை எழுப்பியது. ஆஸ்பெர்கர் எவ்வளவு அறிந்திருந்தார் என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். நமக்கு முதன்மையானது அந்த வாதத்தின் அடியில் கிடக்கும் தராசு. ஒரு தட்டில் பயனுள்ள ஈடுபாடு கொண்ட பிள்ளை; மறு தட்டில் பயன் எதுவும் காணப்படாத பிள்ளை. முன்னவனைக் காக்கும் அதே சொல் பின்னவளைக் கைவிட்டுவிடுகிறது.

இதே காலத்தில், அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், வேறொரு வழி தற்செயலாகத் திறந்தது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்ற மருத்துவர் 1943இல் பதினொரு குழந்தைகளைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அதில் முதலாவதாக வரும் குழந்தை மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூரான ஃபாரஸ்டைச் சேர்ந்த டொனால்டு டிரிப்ளெட். எண்ணுவதிலும் அளப்பதிலும் பொருள்களைச் சுழற்றுவதிலும் மூழ்கிக் கிடந்தவன். 1942இல் பெற்றோர் அவனை அருகிலிருந்த ஒரு வேளாண் தம்பதியரின் வீட்டில் விட்டனர். 1945இல் கானர் அங்கே நேரில் சென்றார்.

அவர் கண்டது இது. அளப்பதில் பித்தாக இருந்தவனிடம் ஒரு கிணறு தோண்டச் சொல்லி, அதன் ஆழத்தை அளந்து சொல்ல வைத்திருந்தார்கள். மக்காச்சோள வரிசைகளைத் திரும்பத் திரும்ப எண்ணியவனை, ஏர் பிடித்து உழுதுகொண்டே எண்ணச் செய்தார்கள். இறந்த பறவைகளையும் பூச்சிகளையும் அவன் ஓயாமல் சேர்த்தபோது, தோட்டத்தில் ஓரிடத்தை ஒதுக்கி, இது உன் இடுகாடு என்று கொடுத்துவிட்டார்கள். அவன் அவற்றைப் புதைத்து அடையாளப் பலகைகள் நட்டான். அருகிலிருந்த நாட்டுப்புறப் பள்ளி அவன் விசித்திரங்களோடு அவனை ஏற்றுக்கொண்டது. டொனால்டு பின்னர் கல்லூரியில் பட்டம் பெற்று, சொந்த ஊர் வங்கியில் வேலை பார்த்து, தனியாகப் பல நாடுகளுக்குப் பயணம் செய்து, 2023இல் தம் 89ஆம் வயதில் மறைந்தார்.

அந்தத் தம்பதியர் மருத்துவ நூல் எதையும் பார்த்துச் செய்தவர்களாகத் தெரியவில்லை. பிள்ளையின் பிடியை அவர்கள் பிடுங்கவில்லை. அந்தப் பிடியின் மறுமுனையில் தங்கள் நிலத்தையும் கிணற்றையும் வைத்தார்கள். உழவும் கிணறும் பயன்தரும் வேலைகள் என்று சொல்லலாம். பறவைகளின் இடுகாட்டால் எவருக்கு என்ன பயன்? அதற்கும் அவர்கள் நிலத்தில் இடம் இருந்தது. வியன்னாவின் தராசில் நிறுக்க முடியாத செயல் இதுதான்.

பின்வந்த கதை பலரும் அறிந்தது. லண்டனில் லோர்னா விங் 1981இல் 'ஆஸ்பெர்கர் நோய்க்குறி' என்ற பெயரைப் பரப்பினார். 1991இல் ஊட்டா ஃபிரித் மூலக்கட்டுரையை ஆங்கிலத்தில் தந்தார். 1994இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இடம்பெற்ற அப்பெயர், 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கப்பட்டு ஆட்டிச நிறமாலை என்ற பொதுப்பெயரில் கரைந்தது. ஆயினும் கையேட்டில் தனி ஈடுபாடு இன்னும் நோயறிகுறிப் பட்டியலில்தான் நிற்கிறது. அளவிலும் குவிப்பிலும் இயல்பை மீறியது என்பது அதன் விளக்கம். இதற்கு மாறாக, டைனா மரே, மைக் லெஸ்ஸர், வென் லாசன் ஆகிய மூவர் 2005இல் வேறு விளக்கம் தந்தனர். கவனம் அளவுள்ள பொருள். பலர் அதைப் பல வாய்க்கால்களில் பகிர்ந்து விடுகிறார்கள், சிலரிடம் அது ஒரே வாய்க்காலில் வெள்ளமாகப் பாய்கிறது என்பது அதன் சாரம். காவேரிப்பாக்கம் ஏரியின் மதகுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே மதகு திறந்திருக்கும்போது மற்றக் கால்வாய்கள் காய்ந்து கிடப்பது நீரின் குற்றம் ஆகாது. அதே நேரத்தில், காய்ந்த கால்வாயின் பாடு பொய்யும் ஆகாது. உண்ணவும் உறங்கவும் மறந்து ஒன்றில் மூழ்கும் பிள்ளையை வைத்திருக்கும் தாயின் களைப்பை எந்தக் கோட்பாடும் துடைத்துவிடாது.

நம் நாட்டில் இப்பேச்சு எழுந்தால் உடனே வரும் பெயர் சீனிவாச ராமானுஜன். நெமிலிக்கு அடுத்த காஞ்சிபுரத்தில் சிறுவயதில் சில காலம் படித்தவர் அவர். மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற மனநல மருத்துவர் 2004இல் வெளியிட்ட நூலில் ராமானுஜனை ஆஸ்பெர்கர் பட்டியலில் சேர்த்தார். இறந்தவரின் நாடியை நூறாண்டு கழித்துப் பிடிப்பது மருத்துவம் ஆகாது. நண்பர்கள் நினைவுகூரும் ராமானுஜனோ கதை சொல்லிச் சிரிக்கவைத்தவர். ஆகவே பெயர்ச்சீட்டை விட்டுவிடுவோம். அவரது ஒற்றைப் பற்றை நம் நிறுவனங்கள் எப்படி நடத்தின என்பதற்கு மட்டும் ஐயமற்ற சான்றுகள் உள்ளன.

1903இல் கார் என்பவரின் கணிதத் தொகுப்பு நூல் பதினைந்து வயதுப் பையனின் கைக்கு வந்தது. அதன்பின் பிற பாடங்கள் காய்ந்த கால்வாய்கள் ஆயின. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகை பறிபோனது. 1905இல் வீட்டைவிட்டு ஓடினார். 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. எல்லாப் பாடங்களிலும் தேற வேண்டும் என்ற விதி அவரை இருமுறை வெளியே தள்ளியது.

உள்ளே அழைத்தவர்கள் தனி மனிதர்கள். 1910இல் எழுத்தர் வேலை கேட்டுத் திருக்கோவிலூருக்குப் போனவரின் குறிப்பேடுகளைத் துணை ஆட்சியர் வி. ராமசாமி ஐயர் புரட்டிப் பார்த்தார். இந்திய கணிதக் கழகத்தை நிறுவியவர் அவர். வருவாய்த்துறையின் கடைநிலை வேலையில் இந்த மனிதரை அடைக்க மனமில்லாமல் சென்னைக்கு அறிமுகக் கடிதங்கள் கொடுத்தனுப்பினார். நெல்லூர் ஆட்சியர் ராமச்சந்திர ராவ் சில காலம் மாதந்தோறும் பணம் தந்தார். 1912 மார்ச் முதல் நாள் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அங்கே மேலதிகாரி நாராயண ஐயர் மாலை வேளைகளில் சிலேட்டும் கையுமாக அவருடன் அமர்ந்தார். தாவிச் செல்லும் படிகளைப் பிறருக்குப் புரியுமாறு விரித்து எழுதும்படி வற்புறுத்தினார். 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம் போனது. அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டமில்லாத ஒருவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை அளித்தது.

மிசிசிப்பி உழவர்களையும் இந்த நாராயண ஐயரையும் இணைப்பது ஒன்றுதான். இருவரும் பற்றுடையவரைத் தம் பக்கம் இழுக்காமல், அவர் பற்றியிருந்த பொருளின் பக்கம் தாம் சென்று அமர்ந்தார்கள். உறவு அங்கிருந்து தொடங்கியது.

ராமானுஜன் கதையில் ஓர் இடர் உண்டு. ஒவ்வொரு தனி ஈடுபாட்டுக்கும் அடியில் ஒரு மேதை ஒளிந்திருக்கிறான் என்று அதைப் படித்துவிடுகிறோம். எங்கள் தோல் தொழில் வட்டாரத்தில், தோலைத் தடவிப்பார்த்தே தரம் பிரிக்கும் கைகளை ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் காணலாம். ஒன்றையே கவனிக்கும் பிள்ளைக்கு அப்படியொரு வேலை பொருந்தலாம் என்று நல்லெண்ணத்துடன் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பொருந்தினால் நல்லதே. ஆனால் பொருந்தாவிட்டால்? ரயில் எண்களை ஒப்பிக்கும் பிள்ளை ரயில்வேயில் சேரப்போவதில்லை என்று தெரிந்த பிறகும் அந்த எண்களுக்கு நம் வீட்டில் காது இருக்குமா?

சட்டம் சற்று நகர்ந்திருக்கிறது. 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இல்லாத ஆட்டிசம் 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இடம்பெற்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை உரிமைகளோடு சேர்த்தது. தேர்வுக்கூடத்தில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதித்தரும் உதவியாளரும் உண்டு. வகுப்பறை அவ்வளவு நகரவில்லை. பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மறைவானது. ஒரு நடிகரையோ ஒரு கதைத் தொடரையோ பற்றி அவர்கள் கொள்ளும் ஈடுபாடு வயதுக்கோளாறாகப் பார்க்கப்பட்டு, அதன் ஆழம் எவர் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது.

சொல்லாராய்ச்சியில் தொடங்கியதால் சொல்லிலேயே முடிக்கலாம். 'புறவுலகச் சிந்தனையற்ற' என்ற அடைமொழியை ஆவணங்கள் மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றுச்சொல் எதுவாயினும், அது அவர்களிடம் இல்லாததைச் சொல்வதாக இல்லாமல், அவர்கள் பற்றியிருப்பதைச் சொல்வதாக அமையட்டும். அதுவரை நம்மால் செய்யக்கூடியது எளியது: அடுத்த வண்டி எங்கிருந்து வருகிறது என்று அந்தப் பிள்ளையிடமே கேட்பது, பதில் முடியும்வரை நிற்பது.