பிரெட் ஹார்ட் சுயசரிதை: ரெஸ்லிங் ரசிகர்கள் இன்னும் மோதிக்கொள்வது ஏன்?

90-களில் ட்ரம்ப் கார்டு ஆடியவர்களுக்கு அந்த முகம் மறந்திருக்காது. ஈரமான நீளத் தலைமுடி, பிங்க்-கறுப்பு டிரஸ், ரிங்குக்கு வரும்போது முன்வரிசையில் இருக்கும் ஏதாவது ஒரு குழந்தைக்கு மாட்டிவிடும் கூலிங் கிளாஸ். 'ஹிட்மேன்' பிரெட் ஹார்ட்!

கனடாவின் கால்கரி நகரைச் சேர்ந்த இவருடைய சுயசரிதை 2007-ல் வெளியானது. பெயர் 'ஹிட்மேன்: மை ரியல் லைஃப் இன் தி கார்ட்டூன் வேர்ல்ட் ஆஃப் ரெஸ்லிங்'. மல்யுத்த வீரர்கள் எழுதியதில் பெஸ்ட் புக் எது என்ற பேச்சு வந்தால் ரசிகர்கள் பெரும்பாலும் இரண்டு புத்தகங்களைத்தான் சொல்வார்கள். ஒன்று மிக் ஃபோலி 1999-ல் எழுதியது, இன்னொன்று இது. அதே சமயம், 'இவ்வளவு தற்பெருமையா?' என்று சலித்துக்கொள்ளும் கூட்டமும் உண்டு. இரண்டு பக்கமும் என்னதான் சொல்றாங்க?

புத்தகத்துல அப்படி என்ன இருக்கு?

12 பிள்ளைகளில் 8-வதாகப் பிறந்தவர் பிரெட். அப்பா ஸ்டூ ஹார்ட், 'ஸ்டாம்பீட் ரெஸ்லிங்' கம்பெனியை நடத்தியவர். வீட்டின் அடித்தளத்தில் இருந்த பயிற்சி அறைக்குப் பெயரே 'டன்ஜன்', அதாவது பாதாளச் சிறை. அங்கே ஸ்டூவின் பிடியில் சிக்கி அலறாத வீரர்களே இல்லை என்பார்கள். 1984-ல் பிரெட் டபிள்யூ.டபிள்யூ.எஃப்-க்கு வருகிறார். 1992 அக்டோபரில் ரிக் ஃப்ளேரை வென்று முதல்முறை உலக சாம்பியன் ஆகிறார். இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதைதான்.

தெரியாத கதை, டேப் ரெக்கார்டரில் இருந்தது. ஊர் ஊராகச் சுற்றிய வருஷங்களில் அன்றன்று நடந்ததை பிரெட் தன் குரலிலேயே பதிவு செய்து வைத்தார். அந்த ஆடியோ டைரியை வைத்து எழுதியதால்தான் எந்த ஊர், எந்த மேட்ச், டிரெஸ்ஸிங் ரூமில் யார் என்ன பேசினார்கள் என்று இவ்வளவு நுணுக்கமாக வருகிறது. பழைய நினைவை வைத்து ஆளுக்கொரு கதை விடும் இந்தத் தொழிலில், டைரி வைத்திருந்த ஆள் என்பதே ரசிகர்களிடம் பிரெட்டுக்குத் தனி மதிப்பைக் கொடுத்தது.

இன்னொன்று, இது டபிள்யூ.டபிள்யூ.இ வெளியிட்ட புத்தகம் இல்லை. ரிக் ஃப்ளேர், ஷான் மைக்கேல்ஸ் புத்தகங்கள் அந்தக் கம்பெனி வழியாகவே வந்தவை. முதலாளியைப் பற்றிய புத்தகத்தை முதலாளியே வெளியிட்டால் எவ்வளவு தூரம் உண்மை எழுத முடியும்? அதனால்தான் பிரெட் புத்தகத்தை ரசிகர்கள் கூடுதலாக நம்புகிறார்கள்.

மான்ட்ரியலில் நடந்தது என்ன?

புத்தகத்தை வாங்கிய பலரும் முதலில் புரட்டிய பகுதி இதுதான். ரெஸ்லிங்கில் முடிவு முன்கூட்டியே பேசி வைக்கப்படும் என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். 1997 நவம்பர் 9 அன்று, அந்தப் பேச்சே மீறப்பட்டது.

1996-ல் பிரெட் போட்டது 20 வருஷ ஒப்பந்தம். ஒரே வருஷத்தில், அவ்வளவு சம்பளம் கட்டுப்படியாகாது என்று கைவிரித்தார் முதலாளி வின்ஸ் மெக்மேன். பிரெட் போட்டிக் கம்பெனியான டபிள்யூ.சி.டபிள்யூ-வுக்குப் போக முடிவானது. ஆனால் பெல்ட் அவரிடம் இருந்தது. சொந்த நாட்டில், அதுவும் தனக்குப் பிடிக்காத ஷான் மைக்கேல்ஸிடம் தோற்க மாட்டேன் என்றார். கடைசி நாட்களில் தன் கதையில் தனக்கும் உரிமை உண்டு என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. டிஸ்குவாலிஃபிகேஷனில் முடிக்கலாம் என்று வின்ஸும் சம்மதித்தார். மேட்ச் நடந்தது. பிரெட்டின் சொந்தப் பிடியான ஷார்ப்ஷூட்டரை ஷான் போட்டதுமே, பிரெட் தோல்வியை ஒப்புக்கொள்ளாமலேயே மணி அடிக்கப்பட்டது. அவ்ளோதான், பெல்ட் போச்சு.

பிரெட் வின்ஸ் முகத்தில் துப்பினார். பிறகு டிரெஸ்ஸிங் ரூமில் ஒரே குத்து. தனக்கு எதுவும் தெரியாது என்று பல வருஷம் சொல்லிவந்த ஷான், பின்னாளில் திட்டம் தெரியும் என்று ஒப்புக்கொண்டார். பிரெட்டைப் பற்றி ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்த குழு, மேட்சுக்கு முன் அவரும் வின்ஸும் பேசியதை மறைத்து வைத்த மைக்கில் பதிவு செய்திருந்தது. ஆக, இந்த விஷயத்தில் பிரெட் சொல்வதற்கு ஆதாரமே இருக்கிறது. அவரை விரும்பாத ரசிகர்கள்கூட இங்கே பெரிதாக வாதம் செய்வதில்லை.

அப்போ குறை எங்கே?

முதல் குறை, தற்பெருமை. என்னோடு மோதிய யாரையும் நான் காயப்படுத்தியதே இல்லை என்பது பிரெட் அடிக்கடி சொல்லும் பெருமை. புத்தகம் முழுக்க அந்தத் தொனி ஓடுகிறது. நல்ல மேட்ச் என்றால் காரணம் பிரெட், சொதப்பினால் காரணம் எதிராளி. ஃப்ளேர் எல்லா ஊரிலும் ஒரே மேட்சைத்தான் திரும்பத் திரும்ப ஆடுவார் என்று எழுதியது ஃப்ளேர் ரசிகர்களுக்கு இன்னும் ஆறாத கோபம். நடுவில் ஊர், ஹோட்டல், ஃப்ளைட் என்று நீளும் பக்கங்கள் போரடிக்கின்றன என்பதும் நியாயமான புகார்தான்.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் கனமானது. 1992 சம்மர்ஸ்லாம், லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியம். தங்கை கணவர் டேவி பாய் ஸ்மித்திடம் பிரெட் தோற்ற அந்த மேட்ச், காலத்துக்கும் நிற்கும் மேட்ச்களில் ஒன்று. ஆனால் டேவி போதைப் பழக்கத்தில் இருந்ததாகவும், ரிங்குக்குள் எல்லாவற்றையும் மறந்துவிட்டதாகவும், தான்தான் ஒவ்வொரு அடியையும் சொல்லிச் சொல்லி மேட்சை முடித்ததாகவும் பிரெட் எழுதியிருக்கிறார். டேவி 2002-லேயே இறந்துவிட்டார். பதில் சொல்ல ஆள் இல்லாதபோது இதை எழுதலாமா என்று ஒரு தரப்பு கேட்கிறது. நடந்ததை மறைத்தால் அது சுயசரிதையே இல்லை என்கிறது இன்னொரு தரப்பு.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிரெட் தன்னையும் விட்டுவைக்கவில்லை. மனைவி ஜூலி ஊரில் இருக்க, பயணங்களில் வேறு பெண்களோடு இருந்ததை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அதைத் துணிச்சல் என்பவர்களும் உண்டு, அந்தப் பக்கங்களில் வருத்தத்தைவிடக் கணக்கு சொல்லும் தொனிதான் தெரிகிறது என்பவர்களும் உண்டு. படித்தால் இரண்டாவது கருத்திலும் உண்மை இருப்பது தெரியும்.

ஓவன் ஹார்ட் மரணம்

1999 மே 23, கன்சாஸ் சிட்டி. கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும் காட்சிக்காகத் தொங்கவிடப்பட்ட தம்பி ஓவன், கீழே விழுந்து இறந்தார். வழக்கு, இழப்பீடு என்று ஹார்ட் குடும்பமே இரண்டாக உடைந்தது. குடும்பத்தில் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள், ஆளுக்கொரு புத்தகமும் எழுதினார்கள். 2001-ல் தங்கை டயானா, 2002-ல் ஓவனின் மனைவி மார்த்தா, பிறகு பிரெட். ஒரே துக்கத்துக்கு மூன்று கணக்கு. பிரெட்டின் புத்தகத்தில் ரசிகர்கள் அதிகம் அழுதது இங்கேதான். அதே 1999 டிசம்பரில் கோல்ட்பெர்க்கின் உதையில் தலையில் அடிபட்டு அவருடைய கரியரே முடிகிறது. 2002-ல் சைக்கிள் ஓட்டும்போது பக்கவாதம் வேறு.

கடைசியா ஒரு விஷயம். 2010 ஜனவரி 4 அன்று 'ரா' நிகழ்ச்சியில் பிரெட்டும் ஷானும் கட்டிப்பிடித்துச் சமாதானம் ஆனார்கள். புத்தகம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. எனவே அதில் இருக்கும் ஷான், கோபம் ஆறாத பிரெட் பார்த்த ஷான்.

முழுசா படிக்க நேரம் இல்லைன்னா, வெம்ப்ளி மேட்ச்சை முதலில் ஒருமுறை பாருங்க. அப்புறம் அந்த அத்தியாயத்தைப் படிச்சுட்டு, திரும்ப மேட்ச்சைப் போட்டு டேவியின் முகத்தைக் கவனிச்சுப் பாருங்க.