நிலம் விலையேறிய நாளில்: ஹார்லெம் குடியிருப்பின் வரலாறும் காப்பும்

1925ஆம் ஆண்டில் அலென் லாக் பதிப்பித்த 'புதிய நீக்ரோ' என்னும் தொகைநூலில் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் ஒரு கட்டுரை எழுதினார். கவிஞர், பாடலாசிரியர், வழக்கறிஞர், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய கழகத்தின் செயலாளர் எனப் பல நிலைகளில் பணியாற்றியவர் அவர். நியூயார்க் மாநகரின் ஹார்லெம் பகுதியில் தம் இனத்தார் எய்தியிருந்த உயர்வைப் பெருமிதத்தோடு விரித்துரைத்த அக்கட்டுரையில், அவர் ஒரு வினாவையும் எழுப்பினார். இந்த ஹார்லெமைக் கறுப்பின மக்கள் தம் கையில் தக்கவைத்துக்கொள்ள இயலுமா என்பதே அவ்வினா.

விடையையும் அவரே கூறினார். முன்பு வாழ்ந்த இடங்களில் அவர்கள் வாடகைக் குடிகள். இங்கோ நிலமும் வீடும் திருச்சபையும் அவர்களுக்கு உரியன. ஆகவே எளிதில் பெயர்த்துவிட இயலாது என்றார். என்றேனும் அவர்கள் பெயர நேர்ந்தால், அங்கு வாழ இயலாத அளவுக்கு நிலத்தின் விலை உயர்ந்துவிட்டது என்பதே அதற்குக் காரணமாக இருக்கும் என்றும், அந்நாள் மிகத் தொலைவில் உள்ளது என்றும் எழுதினார். அந்நாள் முக்கால் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது.

குடியேற்றம்

ஹார்லெம் 1658இல் டச்சுக்காரர் நிறுவிய சிற்றூர். 1873இல் அது நியூயார்க் நகருடன் இணைக்கப்பட்டது. சுரங்க இருப்புப்பாதை வரப்போகிறது என்ற செய்தியால், வசதி படைத்த வெள்ளையரை எதிர்நோக்கி அங்கே அடுக்கு வீடுகள் மிகுதியாகக் கட்டப்பட்டன. 1904இல் லெனாக்ஸ் நிழற்சாலையின் அடியில் இரயில் ஓடத் தொடங்கியபோது, குடிவருவோரைக் காட்டிலும் வீடுகளே மிகுந்திருந்தன. வெறுமையாகக் கிடந்த வீடுகளைக் கறுப்பினத்தவருக்கு வாடகைக்கு விடலாம் என்று உரிமையாளர்களுக்கு எடுத்துரைத்தவர் பிலிப் பேட்டன் என்னும் கறுப்பின வணிகர். அவ்வாண்டிலேயே அவர் தொடங்கிய நிலவணிக நிறுவனம் 1908இல் நொடித்துப்போயிற்று. எனினும் அவர் திறந்த கதவு மூடவில்லை.

மான்ஹாட்டன் தீவின் நடுப்பகுதியில் நெருக்கடியான வாடகை வீடுகளில் வாழ்ந்தவர்கள் வடக்கே வந்தனர். பென்சில்வேனியா தொடர்வண்டி நிலையம் கட்டுவதற்காக இடிக்கப்பட்ட தெருக்களிலிருந்து வெளியேறியவர்களும் அவர்களுள் இருந்தனர். பின்னர்த் தென் மாநிலங்களிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் மக்கள் பெருந்திரளாக வந்தனர். வெள்ளை உரிமையாளர் சிலர், கறுப்பினத்தவருக்கு விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை எனத் தெருத்தெருவாக ஒப்பந்தம் எழுதிக்கொண்டனர். அத்தடைக்கு விடையளிப்பதுபோல் 1911இல் புனித பிலிப் திருச்சபை 135ஆம் தெருவில் வரிசையாகப் பத்து அடுக்குவீட்டுக் கட்டடங்களை 640,000 டாலருக்கு வாங்கியது. ஜான்சனின் நம்பிக்கை இத்தகைய உடைமையின்மீது எழுந்தது.

1920களில் கவிதையும் இசையும் நாடகமும் ஓவியமும் இங்கே பெருகின. ஹார்லெம் மறுமலர்ச்சி எனப் பின்னாளில் பெயர் பெற்றது அதுவே. 1926இல் திறக்கப்பட்ட சவாய் நடன அரங்கில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே தளத்தில் ஆடினர். கறுப்பினத்தவரே முதலிட்டு 1920களின் தொடக்கத்தில் எழுப்பிய ரெனசான்ஸ் அரங்கில் நடனமும் கூடைப்பந்தும் நிகழ்ந்தன. அவ்வரங்கின் பெயரைத் தாங்கிய கூடைப்பந்து அணி 1939இல் உலகத் தொழில்முறைப் போட்டியில் வென்றது.

கைவிடப்பட்ட காலம்

ஆயினும் உடைமை எல்லார்க்கும் வாய்க்கவில்லை. பெரும்பாலோர் வாடகைக் குடிகளே. 1930களில் கூட்டரசின் வீட்டுக்கடன் அமைப்பு நகரங்களை வரைபடத்தில் தரம்பிரித்தபோது, கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளைச் செந்நிறத்தில் தீட்டிக் கடைத்தரமாக்கியது. கடன் கிடையாத இடத்தில் பழுதுபார்ப்பும் இல்லை. பழுதுபட்ட வீட்டுக்கு மீண்டும் கடன் இல்லை. 1970களில் வரி செலுத்தாத உரிமையாளர்கள் கட்டடங்களைக் கைவிட்டுச் சென்றனர். அவற்றுள் பெரும்பகுதி நகராட்சியின் உடைமையாயிற்று. 1950இல் மத்திய ஹார்லெம் மக்களுள் ஏறத்தாழ 98 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். அடுத்த முப்பதாண்டுகளில் வசதியுள்ளோர் பலர் வெளியேற, எளியோர் தங்கினர். விளக்கெரியாத தெருக்களில் திருச்சபைகளையும் குடியிருப்போர் சங்கங்களையும் நடத்தி ஊரைத் தாங்கியவர்கள் அவர்களே. பின்னர் நேர்ந்ததன் கசப்பை உணர இவ்வுண்மை இன்றியமையாதது.

திரும்பி வந்த பணம்

எளியோர் வாழும் நகர்ப்பகுதிக்குள் வசதி படைத்தோர் குடிவர, வாடகை உயர்ந்து, பழங்குடிகள் மெல்ல வெளியேறும் நிகழ்வை 1964இல் இலண்டன் நகரில் கண்டு, மேட்டுக்குடி என்னும் பொருள்படும் சொல்லிலிருந்து அதற்கொரு பெயர் படைத்தவர் ரூத் கிளாஸ் என்னும் சமூகவியலறிஞர். தமிழில் இதனை மேட்டுக்குடியேற்றம் எனலாம். ஹார்லெமில் இது 1990களின் பிற்பகுதியிலிருந்து விரைவு பெற்றது. 2008இல் 125ஆம் தெருவின் நிலப்பயன்பாட்டு விதிகள் மாற்றப்பட்டு, உயர்ந்த கட்டடங்களுக்கு இடமளிக்கப்பட்டது. அவ்வாண்டளவில் மத்திய ஹார்லெமில் கறுப்பினத்தவரின் பங்கு 62 விழுக்காடாகக் குறைந்திருந்தது.

இம்மாற்றத்தை ஒரே நிறத்தில் தீட்டுதல் முறையன்று. புதிதாக வந்தோருள் கறுப்பின நடுத்தர வகுப்பினரும் இருந்தனர். நல்ல விலைக்கு வீட்டை விற்று ஓய்வுகாலத்தை அமைதியாகக் கழித்த முதியோரும் உண்டு. தூய தெருவையும் புதிய கடையையும் வேண்டாதார் யார்? ஆனால் அவை வந்த காலத்தில் அவற்றைத் துய்க்கத் தங்கியிருக்க இயலாமையே வாடகைக் குடிகளின் குறை. வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வீடு காலியாகி, அதன் வாடகை ஒரு வரம்பைத் தாண்டினால், கட்டுப்பாட்டிலிருந்தே அது நீங்கிவிடும் என்ற விதி 1990கள் முதல் 2019 வரை நடைமுறையில் இருந்தது. குடியிருப்பவர் வெளியேறுவதே உரிமையாளருக்கு ஆதாயம் என்னும் நிலையை அவ்விதி உண்டாக்கியது.

பெயரும் பொருளும்

சவாய் அரங்கம் 1958இல் மூடப்பட்டு, குடியிருப்புக் கட்டடங்களுக்காக இடிக்கப்பட்டது. அது நின்ற இடத்தில் 2002இல் ஒரு நினைவுப்பலகை வைக்கப்பட்டது. லாஃபயெட் நாடக அரங்கு 2013இல் இடிக்கப்பட்டது. 1939இல் தொடங்கிய லெனாக்ஸ் லவுஞ்ச் என்னும் ஜாஸ் இசைக்கூடம் 2012இன் இறுதியில் மூடப்பட்டு, 2017இல் தரைமட்டமாயிற்று. ரெனசான்ஸ் அரங்கை மக்கள் 'ரென்னி' எனச் செல்லமாக அழைத்து வந்தனர். 2015இல் அது இடிக்கப்பட்டபின் அங்கு எழுந்த புதிய அடுக்ககத்துக்கு அதே பெயர் சூட்டப்பட்டது. அரங்கு போயிற்று, அதன் புகழ் வீட்டு விற்பனைக்கு உதவிற்று.

மறுபுறம், பெயரையே மாற்றும் முயற்சியும் நடந்தது. நிலத்தரகர்கள் தெற்கு ஹார்லெமைச் 'சோஹா' எனச் சுருக்கி விளம்பரம் செய்தபோது, 2017இல் ஊரார் கொதித்தெழுந்தனர். அதனைத் தடுக்க மாநிலச் சட்டமன்றத்தில் மசோதாவும் கொண்டுவரப்பட்டது. பெயரை அழிப்பதும் பெயரை மட்டும் வைத்துக்கொள்வதும் ஒரே வணிகத்தின் இரு முறைகள்.

நியூயார்க் நகரம் 1965 முதல் வரலாற்றுச் சின்னங்களைச் சட்டத்தால் காத்து வருகிறது. 2018இல் மத்திய ஹார்லெமின் 130 முதல் 132 வரையிலான மேற்குத் தெருக்களின் ஒரு பகுதி வரலாற்று வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. 1963ஆம் ஆண்டின் வாஷிங்டன் பேரணிக்குத் தலைமை அலுவலகமாக இருந்த கட்டடமும் அதனுள் அடங்கும். போற்றத்தக்க செயல்தான். ஆயினும் அச்சட்டம் காப்பது பெரும்பாலும் வெளிச்சுவரையே. உள்ளே யார் வாழ்கிறார், என்ன வாடகை தருகிறார் என்பது அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், தெய்வம், உணவு, பறை, யாழ், தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றும் பகுத்தது தமிழ் இலக்கணம். கருப்பொருள் நீங்கிய நிலம் திணையாகாது. ஹார்லெமில் கல்லும் சுண்ணமும் காக்கப்பட்டு, பாடலும் வழிபாடும் தொழிலும் அயலே பெயர்வதைக் காணுங்கால் அப்பகுப்பின் நுட்பம் விளங்கும்.

ஏடு காத்தவர்

சுவர்களைக் காக்கும் சட்டம் தோன்றுவதற்கு நெடுநாள் முன்பே, ஏடுகளைக் காக்கப் புறப்பட்டவர் ஆர்ட்டுரோ ஷோம்பர்க். போர்ட்டோரிக்கோவில் 1874இல் பிறந்த அவர், கறுப்பினத்தவருக்கு வரலாறே இல்லை என இளமையில் ஓர் ஆசிரியர் கூறக் கேட்டார் என்பர். ஒரு வங்கியில் எழுத்தராகப் பணியாற்றிக்கொண்டே நூல்கள், கையெழுத்துப் படிகள், ஓவியங்கள் எனத் தேடித் தேடிச் சேர்த்தார். 1926இல் கார்னகி அறநிதியம் அளித்த 10,000 டாலரைக் கொண்டு, 5,000க்கும் மேற்பட்ட நூல்கள் அடங்கிய அத்தொகுதியை நகரப் பொதுநூலகம் வாங்கி, 135ஆம் தெருக் கிளையில் வைத்தது. 1932 முதல் 1938இல் மறையும்வரை அவரே அதன் காப்பாளராக இருந்தார். இன்று அது அவர் பெயரால் அமைந்த ஆய்வு நூலகம். யாரும் கட்டணமின்றி நுழையலாம்.

ஏடு இல்லாதவிடத்து நேர்வது யாது என்பதற்கு அதே நகரில் சான்று உண்டு. 1825இல் கறுப்பின மக்கள் நிலம் வாங்கி அமைத்த செனகா சிற்றூரில் மூன்று திருச்சபைகளும் ஒரு பள்ளியும் இருந்தன. 1857இல் மத்தியப் பூங்காவுக்காக அது அழிக்கப்பட்டது. நூறாண்டுக்கும் மேலாக அந்நகரம் அதனை மறந்திருந்தது. 2011இல் பூங்காவின் புல்லுக்கடியில் அகழ்ந்து அவ்வூராரின் கலங்களையும் காலணியையும் தேடவேண்டியதாயிற்று.

கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் தம் இறுதி இருபது ஆண்டுகளைக் கிழக்கு 127ஆம் தெருவிலுள்ள ஒரு வீட்டின் மேல்மாடியில் கழித்தார், 1967இல் மறைந்தார். 1981இல் அவ்வீடு வரலாற்றுச் சின்னமாயிற்று. 2016இல் எழுத்தாளர் ரெனே வாட்சன் முதலானோர் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி, அதனை வாடகைக்கு எடுத்துக் கவிதை அரங்கமாக்கினர். 2019இன் இறுதியில் அம்முயற்சி அங்கே முடிவுற்றது. வீட்டின் சுவர் சட்டத்தின் காப்பில் நிலைத்தது. கவிதை அரங்கம் வாடகைக் குடியாகவே வந்து சென்றது.

ஹியூஸின் சாம்பலோ ஷோம்பர்க் நூலகத்தின் தளத்துக்கு அடியில் 1991இல் வைக்கப்பட்டது. அந்நாளில் மாயா ஏஞ்சலோவும் அமிரி பராக்காவும் அத்தளத்தின்மீது நடனமாடினர். நூலகம் பொது உடைமையாதலின் அங்கே கவிஞருக்கு வாடகை இல்லை.

ஜான்சன் எழுப்பிய வினாவை இன்று எடுத்துப் படிக்க முடிவதே ஏடு காத்தவர்களின் கொடை. எனினும் ஏடு மட்டும் ஊராகாது. ஒரு குடியிருப்பின் வரலாற்றைக் காக்க முனைவோர் இரண்டைச் சேர்த்தே கருதவேண்டும்: நினைவை எல்லார்க்கும் உரிய பொது உடைமையாக்குதல் ஒன்று, அந்நினைவுக்கு உரியோர் அங்கேயே வாழ வழிசெய்தல் மற்றொன்று. முன்னதை ஷோம்பர்க் தம் வாழ்நாளில் செய்து காட்டினார். பின்னதன் பொருட்டு ஹார்லெம் மக்கள் இன்றும் வாடகை மன்றங்களிலும் நகராட்சிக் கூட்டங்களிலும் வழக்காடி வருகின்றனர்.