விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல்

விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் என்பது மீட்பு பற்றிய கிறிஸ்தவக் கோட்பாடுகளுள் ஒன்று. மனிதன் தன் நற்செயல்களுக்குக் கூலியாக மீட்பைப் பெறுவதில்லை. கடவுள் இலவசமாக அளிக்கும் கிருபையை, இயேசு கிறிஸ்துவின் மீதுள்ள விசுவாசத்தால் ஏற்றுக்கொண்டே மீட்படைகிறான் என்பது இதன் சாரம். கத்தோலிக்கத் தமிழ் வழக்கில் கிருபை அருள் எனவும், விசுவாசம் நம்பிக்கை எனவும் வழங்கும். 16ஆம் நூற்றாண்டில் மேலைத் திருச்சபை பிளவுபட்டதற்கு இக்கோட்பாட்டின் மீதான வழக்கு முக்கியக் காரணமாயிற்று. கிருபையின்றி மீட்பில்லை என்பதிலோ, கிறிஸ்தவன் நற்செயல் புரிய வேண்டும் என்பதிலோ கத்தோலிக்கர், சீர்திருத்தவாதிகள் ஆகிய இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. நற்செயலுக்கு மீட்பில் என்ன இடம் என்பதில்தான் வழக்கு.

விவிலிய அடிப்படை

கோட்பாட்டின் மூலம் பவுல் அப்போஸ்தலரின் நிருபங்களில் உள்ளது. யூதரல்லாதோர் சபையில் சேர விருத்தசேதனம் செய்துகொண்டு மோசேயின் நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்ள வேண்டுமா என்ற கேள்வி முதல் நூற்றாண்டில் எழுந்தது. வேண்டாம் என்று கலாத்தியர், ரோமர் நிருபங்களில் பவுல் வாதிட்டார். ஆபிரகாம் விருத்தசேதனம் பெறும் முன்னரே, கடவுளை விசுவாசித்ததால் நீதிமானாக எண்ணப்பட்டார் என்பது அவர் காட்டும் சான்று. மீட்பு கடவுளின் ஈவு, எவரும் அதைக் குறித்துப் பெருமை பாராட்ட இடமில்லை என்று எபேசியர் 2ஆம் அதிகாரம் கூறுகிறது. விசுவாசிகள் நற்செயல்களுக்காகவே படைக்கப்பட்டவர்கள் என்று அதை அடுத்த வசனத்திலேயே சேர்த்தும் சொல்கிறது.

யாக்கோபின் நிருபமோ, செயலற்ற விசுவாசம் செத்தது என்கிறது. அதுவும் ஆபிரகாமையே எடுத்துக்காட்டுகிறது. ஆனால் ஈசாக்கைப் பலியிட அவர் முன்வந்த நிகழ்ச்சியைச் சுட்டுகிறது. பவுலையும் யாக்கோபையும் இணக்கப்படுத்தும் முயற்சி பிற்கால விளக்கங்கள் அனைத்திலும் தொடர்கிறது.

பெலாஜியுஸ் சர்ச்சை

5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாஜியுஸ் என்ற துறவி, மனிதன் தன் சுதந்திர சித்தத்தைக் கொண்டே பாவத்தை விலக்கி வாழ முடியும் என்று போதித்தார். ஹிப்போ நகரின் ஆயர் அகஸ்டின் (354–430) இதை மறுத்தார். ஆதாமின் பாவத்தால் மனித சித்தம் கோணிப்போனது. கடவுளை நாடும் விருப்பமே கிருபையால்தான் பிறக்கிறது என்றார். 418இல் கூடிய கார்த்தேஜ் சங்கம் பெலாஜியுஸின் போதனையைக் கண்டித்தது. விசுவாசத்தின் தொடக்கமும் கிருபையே என்று 529இல் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம் அறிவித்தது. ஆகவே கிருபைக்கு முதலிடம் தருவது சீர்திருத்தக் காலத்தில் புதிதாகத் தோன்றியதன்று.

லூதரும் சீர்திருத்தமும்

ஜெர்மனியின் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் விவிலியம் கற்பித்த அகஸ்டின் சபைத் துறவி மார்ட்டின் லூதர் (1483–1546), நோன்பாலும் பாவசங்கீர்த்தனத்தாலும் மன அமைதி பெறாதவர். ரோமர் நிருபம் பேசும் கடவுளின் நீதி, பாவியைத் தண்டிக்கும் நீதியன்று, விசுவாசிக்கு அருளப்படும் நீதி என்ற முடிவுக்கு அவர் வந்தார். ரோமின் புனித பேதுரு பேராலயக் கட்டுமானத்துக்காகப் பாவமன்னிப்புச் சீட்டுகள் விற்கப்பட்டதை எதிர்த்து 1517 அக்டோபர் 31 அன்று 95 வாசகங்களை வெளியிட்டார். 1521இல் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார்.

லூதரின் விளக்கப்படி, கிறிஸ்துவின் நீதி பாவியின் கணக்கில் வைக்கப்படுகிறது. அதனால் விசுவாசி ஒரே நேரத்தில் நீதிமானாகவும் பாவியாகவும் இருக்கிறான். நற்செயல் அவனை நீதிமானாக்குவதில்லை; நீதிமானாக்கப்பட்டவனிடம் அது தானே விளைகிறது. லூதரின் உடனுழைப்பாளர் மெலாங்தன் வரைந்த ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை (1530) தன் 4ஆம் பிரிவில் விசுவாசத்தினால் வரும் நீதியையும், 6ஆம் பிரிவில் அவ்விசுவாசம் நற்கனி தர வேண்டும் என்பதையும் உரைக்கிறது.

சீர்திருத்த மரபுக்குள்ளும் வேறுபாடுகள் உண்டு. கிருபை யாருக்கு என்பது முன்னரே கடவுளால் நியமிக்கப்பட்டது என்று சீர்திருத்தவாதி கால்வின் வலியுறுத்தினார். கிருபையை மறுக்க மனிதனால் முடியும் என்ற, டச்சு இறையியலாளர் அர்மீனியுஸின் சீடர்களை டார்ட் சங்கம் (1618–19) கண்டித்தது. 1738இல் லண்டனில், ரோமர் நிருபத்துக்கு லூதர் எழுதிய முன்னுரை வாசிக்கப்பட்டபோது உள்ளம் மாறிய, மெதடிஸ்ட் இயக்கத் தலைவர் ஜான் வெஸ்லி, நீதிமானாக்கப்பட்டபின் பரிசுத்தத்தில் வளர்வதற்கு அழுத்தம் கொடுத்தார்.

திரெந்து பொதுச்சங்கம்

கத்தோலிக்கத் திருச்சபையின் மறுமொழி 1547 ஜனவரி 13 அன்று திரெந்து பொதுச்சங்கம் வெளியிட்ட ஆணை. 16 அதிகாரங்களும் 33 விதிகளும் கொண்டது. கிருபையின்றித் தன் செயல்களாலேயே மனிதன் நீதிமானாகலாம் என்போரை அதன் முதல் விதி கண்டிக்கிறது. விசுவாசம் மட்டுமே போதும் என்போரை 9ஆம் விதி கண்டிக்கிறது. ஆணையின்படி விசுவாசம் மீட்பின் வேர்; அதனோடு எதிர்நோக்கும் அன்பும் சேர வேண்டும். கடவுள் பாவியை நீதிமானாக எண்ணுவதோடு நில்லாமல், உள்ளத்தைப் புதுப்பித்து நீதிமானாகவே ஆக்குகிறார். அந்த நிலை நற்செயலால் வளரும். சாவான பாவத்தால் இழக்கப்படும்.

கீழை ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் மேலைத் திருச்சபையின் இவ்வழக்கில் ஒரு தரப்பாக இருக்கவில்லை. கடவுளின் வாழ்வில் மனிதன் பங்குபெற்று அவரைப் போலாவதே மீட்பு என்று கொள்வதால், அவை நீதிமன்றச் சாயலுள்ள விளக்கத்துக்கு முதன்மை தருவதில்லை.

தமிழகத்தில்

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு வழியாக இப்போதனை தமிழுக்கு வந்தது. லூதரின் சிறிய ஞானோபதேசத்தை அவர் தமிழாக்கினார். அவரது புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ 1930இல் வெளியிட்ட நூலில் கிறிஸ்தவக் கிருபைக் கோட்பாட்டை வைணவத்தோடு ஒப்பிட்டார். குட்டியைத் தாய்ப்பூனை கவ்விச் செல்வதுபோல் இறைவனே காப்பான் என்னும், தமிழக வைணவப் பிரிவான தென்கலையார் கருத்தும், தாயைக் குட்டி பற்றிக்கொள்ள வேண்டும் என்னும் வடகலையாரின் குரங்கு உவமையும் இவ்வொப்பீட்டில் எடுத்தாளப்படுகின்றன.

இக்கால நிலை

பவுல் எதிர்த்தது பொதுவான நற்செயலை அன்று, யூத அடையாளச் சடங்குகளையே என்ற வாசிப்பு, ஈ. பி. சாண்டர்ஸ் 1977இல் எழுதிய நூலுக்குப் பின் வலுப்பெற்றது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் கூட்டமைப்பும் நீதிமானாக்கப்படுதல் குறித்த கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மீட்பு கிருபையால் மட்டுமே வருகிறது, மனிதனின் தகுதியால் அன்று. அக்கிருபையே அவனை நற்செயலுக்கு அழைக்கிறது என்று அது கூறுகிறது. 16ஆம் நூற்றாண்டின் பரஸ்பரக் கண்டனங்கள் இவ்வறிக்கையில் விளக்கப்பட்ட போதனைக்குப் பொருந்தா என்றும் அறிவித்தது. உலக மெதடிஸ்ட் பேரவை 2006இலும், சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியம் 2017இலும் இதில் இணைந்தன. அமெரிக்காவின் மிசௌரி சினட் லூத்தரன் சபை போன்றவை இவ்வுடன்பாட்டை ஏற்கவில்லை.